விடுதிச் சுவர்க் கமிட்டி

பெண்கள் விடுதியின் பின்சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. எழுபத்திரண்டாம் வருஷம் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்றே மங்கையர்க்கரசி அதைப் பார்த்துவிட்டாள். போர்ட் பிளேரில் மேட்டை வெட்டாமல் எதையும் கட்ட முடியாது. ஹேடோ துறைமுகத்துக்கு மேலே இருந்த அந்த விடுதியும் அப்படிக் கட்டியதுதான். வெட்டிய மேடு சரிந்து வராமல் ஆங்கிலேயர் காலத்துச் செங்கல் சுவர் ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் பிள்ளைகள் படுக்கும் அறைகளுக்கும் நடுவே ஒரு சந்துதான் இடைவெளி.

அவள் அங்கே தமிழ் விரிவுரையாளர். விடுதிக் காப்பாளர் வேலையும் அவள் தலையில்தான். பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னாள். அவர் அக்கறையாகக் கேட்டுவிட்டு ஒரு கமிட்டி போட்டார். இயற்பியல் பன்னீர்செல்வம், வரலாறு ஜெகநாதன், தாவரவியல் சென். கூட இவளும்.

முதல் கூட்டம் அந்தச் சந்திலேயே நடந்தது.

"சுவருக்குப் பின்னால தண்ணி தேங்கியிருக்கு. அதோட அழுத்தம்தான் தள்ளுது. துளை போட்டு வடிய விடணும்" என்றார் பன்னீர்செல்வம்.

மங்கையர்க்கரசிக்கு மூச்சு வந்தது. "அப்ப நாளைக்கே போட்டுடலாமா சார்?"

"நாளைக்கா? மண்ணுல ஈரம் எவ்வளவுன்னு மொதல்ல அளக்கணுமே!"

ஜெகநாதன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சுவருக்கு முன்னால் வந்து நின்றார். "சுனியே மேடம், கேளுங்க, இதுல யாரும் துளை போடக் கூடாது. கைதிங்க அறுத்த செங்கல் இது. முத்திரை பாருங்க. இது சுவரில்ல, ஆவணம்."

சென் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவரின் தலையில் ஒரு அத்திமரம் வேர்விட்டிருந்தது. "இந்தப் பேட், இந்த மரம்தான் சுவரைப் பிடிச்சிருக்கு. இதை வெட்டினா எல்லாம் கதம்" என்றார். அவர் பேசியது பாதி தமிழ், பாதி இந்தி.

"மரம்தான் சார் சுவரைப் பிளக்குது!" என்றார் பன்னீர்செல்வம்.

மூவரும் அதைப் பேசிக்கொண்டே மேட்டின் மேலிருந்த கல்லூரிக்கு ஏறிப் போய்விட்டார்கள். மங்கையர்க்கரசி மட்டும் சந்தில் நின்றாள். விரிசலுக்குள் அவள் கை மணிக்கட்டுவரை போயிற்று.

இரண்டாவது கூட்டத்துக்குப் பிரின்சிபாலும் வந்தார். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, சுவர் என்றால் என்ன என்பதில் பேச்சு இறங்கியது. ஜெகநாதன் கோட்டைகளையும் சிறைகளையும் பற்றிப் பேசினார். சுவர் கட்டுகிறவன் பயந்தவன் என்றார். செடியின் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் உண்டு, அது இல்லாவிட்டால் மரம் நிமிர்ந்து நிற்காது என்றார் சென். ஒலிக்குச் சுவர் தடை, வெப்பத்துக்கு வேறு மாதிரித் தடை என்று பன்னீர்செல்வம் கரும்பலகையில் படமே போட்டுவிட்டார். டீ வந்தது. எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

"அருமை! இதையே ஒரு கருத்தரங்கா வெச்சுடலாம்" என்றார் பிரின்சிபால். "எல்லாத் துறையும் பேசட்டும். மேடம், சுவரைப் பத்தித் தமிழ்ல என்ன இருக்கு?"

மங்கையர்க்கரசி டம்ளரைக் கீழே வைத்தாள். "நிறைய இருக்கு சார். சுவர், மதில், அரண், வேலி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அர்த்தம். ஒண்ணும் செய்யாம உக்காந்து பேசிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கும் ஒரு சொல் இருக்கு. குட்டிச்சுவர்!"

பிரின்சிபால் சிரித்தார். அவள் நகைச்சுவையாகச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. தெற்குத் தீவான கேம்பல் பே போகவேண்டிய கப்பல்கூடக் கிளம்பாமல் துறைமுகத்திலேயே கிடந்தது. காலையில் செலின் ஓடிவந்தாள். மீன்பிடிக் குடும்பத்துப் பெண், முதல் வருஷ மாணவி.

"மிஸ், சுவத்துல கசியற தண்ணி நேத்துவரைக்கும் தெளிவா இருந்துச்சு. இப்ப சேறா வருது."

மங்கையர்க்கரசி போய்ப் பார்த்தாள். செங்கல் இடுக்குகளில் சிவப்பாகச் சேறு வழிந்தது. பின்னாலிருந்த மண்ணே கரைந்து வந்துகொண்டிருந்தது. அதற்குமேல் அவள் யாரிடமும் கேட்கவில்லை. "எல்லாரும் படுக்கையைச் சுருட்டுங்கடி. பெட்டியைத் தூக்குங்க" என்றாள்.

மழையில் நனைந்துகொண்டே பிள்ளைகள் கல்லூரிக் கட்டடத்துக்கு ஏறிப் போனார்கள். வரலாற்றுத் துறையையும் அதற்கடுத்த கூடத்தையும் திறந்து உள்ளே விட்டாள். ஜெகநாதனின் தேசப்படங்கள் தொங்கிய கொடியில் பாவாடைகள் காய்ந்தன.

பிரின்சிபால் பதறிக்கொண்டு வந்தார். "மேடம், இது பையன்கள் நடமாடற இடம். நடுவுல ஒரு தடுப்புகூட இல்லையே!"

"அதுக்கும் ஒரு கமிட்டி போடுங்க சார். அந்தச் சுவருக்கு ஒரு வழி பிறக்கற வரைக்கும் பிள்ளைங்க இங்கேதான் இருப்பாங்க."

"ஜெகநாதன் எங்கே? அவரோட ரூம் இல்லையா இது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து அவரைக் காணவில்லை. எங்கே போயிருப்பார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் குடைகூட எடுக்காமல் சரிவில் இறங்கி ஓடினாள்.

அவர் சந்துக்குள்தான் இருந்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு செங்கல்லின் முத்திரைமேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தார். மழையில் தாள் கூழாகிக்கொண்டிருந்தது.

"சார், வெளியே வாங்க!"

"ஏக் மினிட் மேடம்..."

தலைக்கு மேலே மரம் முனகியது. மங்கையர்க்கரசி அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். பித்தான்கள் தெறித்தன. இருவரும் சந்தின் முனையைத் தாண்டிச் சேற்றில் விழவும், பின்னால் சுவர் மடங்கி உட்காரவும் சரியாக இருந்தது. மண்ணும் மரமும் செங்கல்லும் சேர்ந்து இரண்டு அறைகளின் ஜன்னல்களை உடைத்துக்கொண்டு உள்ளே போயின. செலினின் கட்டில் கிடந்த இடத்தில் அத்திமரத்தின் வேர் நீட்டிக்கொண்டிருந்தது.

விடுதியின் முன்பக்கத்துச் சமையலறையில் உட்காரவைத்து அவருக்குச் சூடாக டீ கொடுத்தாள்.

"அந்த முத்திரை இனிமே கிடைக்காது" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உயிர் போயிருக்கும் சார்! பிள்ளைங்க உள்ளே இருந்திருந்தா? ஒரு செங்கல்லுக்காகவா இவ்வளவும்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க கொள்ளுத்தாத்தா மதுரைப் பக்கம் மேடம். கொலைக் கேஸ்ல இங்கே கொண்டுவந்தாங்க. செங்கல் சூளையிலதான் போட்டாங்களாம். போட்டோ கிடையாது. சமாதி கிடையாது. எந்தக் கல்லு அவர் கைபட்டதுன்னு யாருக்குத் தெரியும்?"

மங்கையர்க்கரசிக்குப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

"இதை மொதல் நாளே சொல்லியிருக்கலாமே! பத்துக் கல்லைப் பேத்து உங்க கையில கொடுத்திருப்பேனே. மீதியை இடிச்சிருக்கலாமே!"

"கமிட்டியில எப்படிச் சொல்றது? அது ஆராய்ச்சியாகாதே" என்றார் அவர்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவருக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றினாள்.

மழை விட்டதும் பிள்ளைகள் மண்ணைக் கிளறி உடையாத செங்கற்களைப் பொறுக்கிக் கழுவி ஜெகநாதனின் துறை வாசலில் அடுக்கினார்கள். வீட்டுக்கு எடுத்துப் போக அவர் ஒரு கைவண்டி கொண்டுவந்தார். சரிந்த மேட்டில் சென் அத்திக் கன்று ஒன்றைத் தேடிப் பிடித்தார். பன்னீர்செல்வம் மட்டும் "நான் சொன்னேன்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொன்னது உண்மைதான். செய்யத்தான் இல்லை.

புதுச் சுவர் பற்றிப் பேசப் பிரின்சிபால் எல்லோரையும் கூப்பிட்டார். பிள்ளைகள் சார்பில் செலினும் வந்திருந்தாள். ஜெகநாதன்தான் அவளிடம் கேட்டார், "உங்களுக்கு என்ன வேணும், பேட்டி? சொல்லு மகளே."

"ஒரு கதவு வெச்சுக் கட்டுங்க சார். மேலே காலேஜுக்குப் போக ரோட்டைச் சுத்தித்தான் வர்றோம். கதவும் நாலு படியும் இருந்தா நேரா ஏறிடலாம்."

"கதவா?" பிரின்சிபால் முகவாயைத் தடவினார். "சுவர்ல கதவு வெச்சா அது சுவர்தானா? பாதுகாப்பு, ஒழுக்கம் எல்லாம் இருக்கே. இதை ஒரு கமிட்டி..."

மங்கையர்க்கரசி எழுந்து வெளியே நடந்தாள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ஜெகநாதனும் பன்னீர்செல்வமும் வந்துகொண்டிருந்தார்கள். சென் தன் கன்றைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

"கொத்தனார் யாரையாவது தெரியுமா மேடம்?" என்று கேட்டார் ஜெகநாதன்.