ஓடிக்கொண்டிருந்த அழைப்பு

ஆம்புலன்ஸ் வண்டிக்காரர்கள் 'சேர்ந்தாச்சு' பொத்தானை அழுத்த மறப்பது புதிதல்ல. நோயாளியைத் தூக்குவார்களா, பொத்தானைத் தேடுவார்களா? அழுத்தாத வரைக்கும் கட்டுப்பாட்டு அறையின் திரையில் அந்த அழைப்பின் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நகரத்தில் ஆம்புலன்ஸ் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்று அளப்பது அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் அவள் வேலை. நிற்காத அழைப்புகளைப் பிடித்து, கூப்பிட்டவர்களுக்கே போன் போட்டு, "வண்டி வந்துச்சாங்க?" என்று கேட்டு முடித்துவைப்பாள். பெரும்பாலும் "அப்பவே வந்துடுச்சும்மா, ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம்" என்பார்கள். சிலர் திட்டுவார்கள். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். வண்டிக்காரர்கள் அவளைக் 'கடிகாரம்' என்றே கூப்பிட்டார்கள்.

அன்று மத்தியானம், எல்லாவற்றையும் புதிய கணினிக்கு மாற்றிய கையோடு, வண்டிகள் போய்ச் சேரும் நேரத்தின் சராசரி கன்னாபின்னாவென்று ஏறிக் கிடந்தது. துருவிப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய அழைப்பு ஒன்று, இத்தனை நாள் எந்த மூலையில் கிடந்ததோ, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆண், நெஞ்சுவலி, மூன்றாவது மாடி. கூப்பிட்டது மனைவி. வண்டி கிளம்பியதாகப் பதிவு இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

மேலாளர் பின்னால் வந்து நின்றார்.

"இதென்னம்மா கூத்து? சாயங்காலம் அறிக்கை போகணும். ஏதோ ஒரு நேரத்தைப் போட்டு முடிச்சு விடு."

"கேக்காம முடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"சரி, கேட்டுட்டே முடி. உன்னை நிரந்தரம் பண்றதுக்கு நான் எழுதப் போற மாசம் இது. ஞாபகம் இருக்கட்டும்."

பதிவிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மணி ஒரு தடவை முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"வண்டி வந்துச்சாங்க?" பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இல்லம்மா, இன்னும் வரலை," என்றது ஒரு பெண்குரல். கோபமே இல்லை. "கதவைத் திறந்து வைங்க, அவரை விட்டு நகராதீங்கன்னு சொன்னீங்க. திறந்துதான் வச்சிருக்கேன். பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன்."

அவள் திரையில் இருந்த தேதியை மறுபடி பார்த்தாள். பயமாக இருந்தது. "அவர் எப்படி இருக்கார்?"

"அப்படியேதான் இருக்கார். அப்பப்போ, வந்துடுச்சான்னு கேக்கறார்."

பின்னால் ஓர் ஆண் இருமுவது கேட்டது.

புத்தி பேதலித்த யாரோ என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மேலாளரின் விரல் திரையில் 'சேர்ந்தாச்சு' இருக்கும் இடத்தைத் தட்டிக் காட்டியது. ஒரு சொடுக்குதான். அழுத்திவிட்டால் அந்த வீட்டுக்கு வண்டி போய்ச் சேர்ந்ததாக ஆகிவிடும். அப்புறம் எந்தக் காலத்திலும் யாரும் போக மாட்டார்கள்.

"வந்துக்கிட்டே இருக்கும்மா. வச்சுடாதீங்க," என்று சொல்லிவிட்டு, அந்த விலாசத்துக்குப் பக்கத்தில் நின்ற வண்டியை அங்கே கிளப்பினாள்.

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?" என்றார் மேலாளர். அவள் திரும்பவில்லை.

ஒரு காதில் போன், மறு காதில் வண்டியின் வயர்லெஸ். ஓட்டுநரும் கூட வந்தவரும் மூச்சு வாங்க மாடி ஏறினார்கள்.

"கடிகாரம், இங்க யாரும் குடியிருக்கற மாதிரியே தெரியலை. எல்லாம் பூட்டு. ஒரு வீடு மட்டும் திறந்து கிடக்கு."

"காலடிச் சத்தம் கேக்குதும்மா," என்றது போனில் குரல். "வந்துட்டாங்க." அவ்வளவு நிம்மதியை அவள் யார் குரலிலும் கேட்டதில்லை. "படி குறுகல். பார்த்துத் தூக்கச் சொல்லும்மா." லைன் அறுந்தது.

வயர்லெஸ்ஸில் எதையோ தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"உள்ள சாமான்கூட இல்லை," என்றார் ஓட்டுநர். "ஸ்ட்ரெச்சரைச் சும்மா கீழ வச்சோம். இப்ப தூக்கினா..." அவர் குரல் இறங்கியது. "ஏம்மா, காலி ஸ்ட்ரெச்சர் இவ்வளவு கனக்குமா? ரெண்டு பேரால முடியலை."

மேலாளர் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"தலைப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிங்கண்ணே," என்றாள் அவள். "படி குறுகல். அவசரப்படாம இறக்குங்க."