இடைவெளியில்லாத மூன்று ஆண்டுகள்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு பொய். நான் சொல்லாமல் விட்ட பொய். 1954-இல் போடிமெட்டுக்குக் கீழே ஓர் ஏலத்தோட்டத்தில் எழுத்தராக இருந்தேன். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பெண் என் மேசை முன் நின்றாள். அதைக் கதையாக எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நான்கு தாள் கிழித்தாயிற்று.

“மலைச்சரிவில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது தேவகிருபை—”

வேண்டாம். மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விதியிலிருந்தே தொடங்குகிறேன்.

2

கல்லூரிக்குப் போகாமல் இண்டர்மீடியட் பரீட்சை எழுத, மூன்று ஆண்டு இடைவெளியில்லாமல் ஆசிரியர் வேலை பார்த்திருக்க வேண்டும். ஒரு பகுதியில் தேறினால் அந்தத் தேர்ச்சி அப்படியே இருக்கும். நான்கு தடவைக்குள் மீதியும் தேறாவிட்டால் பழையதும் போச்சு. (இது என் கதைக்குள் இருக்கும் பல்கலைக்கழகம். சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.)

எங்கள் தோட்டப் பள்ளிக்கு ஒரே ஆசிரியை தேவகிருபை. ஆங்கிலத்தில் தேறிவிட்டாள். சரித்திரத்தில் மூன்று முறை கோட்டை விட்டாள். இது நான்காவது.

இந்த முறை விண்ணப்பத்தில் அவள் செய்த தவறு எங்கள் மலையில் யாரும் செய்யக்கூடியது. காய் பறிப்பு தொடங்கினால் பிள்ளைகள் தாய்மாரோடு செடிக்குள் போய்விடுவார்கள். பள்ளியைப் பூட்டிவிட்டு டீச்சரை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காய் தரம் பிரிக்க உட்கார வைத்துவிடுவோம். ‘மூன்று ஆண்டுப் பணி விவரம்’ என்ற கட்டத்தில் அவள் அதையும் எழுதியிருந்தாள்: ‘ஐப்பசி, கார்த்திகை: ஏலக்காய் ஸ்டோர்.’ எங்களுக்கு அது இடைவெளியாகவே தோன்றியதில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தோன்றியது. இடைவெளி இல்லையென்று தோட்ட நிர்வாகி சான்று தர வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

நிர்வாகி ராஜாராம் மதுரைக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது அவருக்காகக் கையெழுத்துப் போடுவது நான்தான். முத்திரையும் என் மேசையில் இருந்தது. போடியில் மூன்று மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள். அதை விட்டால் கெடு முடிந்தது. ஜீப்பு புறப்பட அரை மணி நேரம் இருந்தது.

3

“அண்ணே, இடைவெளி இல்லாமப் பாடம் நடத்துனாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. வெரசா.”

“நீங்க ஸ்டோர்லதானே டீச்சர் இருந்தீங்க?”

“யாரு உக்கார வச்சது? நீங்கதானே வந்து பள்ளிக்கூடத்தப் பூட்டச் சொன்னீங்க?”

நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

இந்தக் கதையின் முந்தைய படியில் இங்கே ஒரு காட்சி இருந்தது. காய் பிரித்துக்கொண்டே தேவகிருபை பாடம் சொல்கிறாள். காய் பறிக்கும் பேச்சியின் மகள் பதினாறாம் வாய்ப்பாட்டைப் பிசகில்லாமல் ஒப்பிக்கிறாள். அதைப் படித்த நண்பருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காட்சியை அடித்துவிட்டேன்.*

* அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் என் கையெழுத்து பொய்யாகியிருக்காது, அதற்காக எழுதியது. வெட்கமாக இருக்கிறது. கதையில் மூன்று பக்கம் பொய் எழுத முடிந்தவனுக்கு அன்றைக்கு ஒரு வரி வரவில்லை.

4

வெளியே ஓட்டுநர் பால்சாமி ஹாரன் அடித்தான். “டீச்சரம்மா, லோடு ஏத்தியாச்சு! வர்றீகளா இல்லையா?”

“ராஜாராம் சார் வரட்டும் டீச்சர். தெரிஞ்சா எஞ்சோலி போயிரும்.”

“அவரு திங்கக்கெழமைதான் வருவாரு. இன்னிக்குத் தபால்ல சேரலன்னா இங்கிலீசும் போயிரும்ணே. மறுபடி மொதல்ல இருந்தா?”

முதல் முடிவு: நான் கையெழுத்துப் போட்டேன், அவள் தேறி—

இல்லை.

இரண்டாவது முடிவு: அந்த நேரம் பார்த்து ராஜாராமின் கார் வளைவில் ஏறி—

சீ.

நடந்தது இவ்வளவுதான். நான் எதுவும் எழுதாத அந்தத் தாளை அவள் பக்கம் தள்ளினேன்.  கையை நீட்டி முத்திரையை எடுத்து அவளே குத்தினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தடுக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. அவள் ஜீப்பில் ஏறிப் போனாள். பிறகு தோட்டத்துக்குத் திரும்பவில்லை. நான் யாரிடமும் விசாரிக்கவில்லை, பயம்.

5

மணி இரண்டே முக்கால். போடி தபாலாபீசில் தேவகிருபை நிற்கிறாள். தாளில் முத்திரை இருக்கிறது, அந்த வரியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அவளே வரியை எழுதி வேறொருவர் பெயரைப் போடலாம். வெறுமனே உறையில் போட்டு ஒட்டி அனுப்பலாம். கிழித்தும் போடலாம். உங்கள் இஷ்டம், எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அவளைத் தேற வையுங்கள்.

நான் கையெழுத்துப் போட்டதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை நானே பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன்.