தினம் ஐந்து வாக்கியம்

சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிறவள் மேற்பார்வையாளர் ஆக வேண்டுமென்றால் இங்கிலீஷ் பரீட்சை எழுதியாக வேண்டும். அதற்காகத்தான் அவள் சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். டீச்சரம்மாவின் சட்டம் ஒன்றுதான்: வீட்டில் கண்ணால் பார்த்ததை வைத்துத் தினம் ஐந்து வாக்கியம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டுக் கையெழுத்தும் போடுவார்.

அவள் வீட்டில் பார்க்க என்ன இருந்தது? லாரி மெக்கானிக் புருஷன் இருந்தான்.

"மை ஹஸ்பண்ட் இஸ் ஸ்ட்ராங். ஹிஸ் பெல்ட் இஸ் மோர் ஸ்ட்ராங்கர்" என்று எழுதினாள். டீச்சரம்மா 'மோர்' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுச் சரி போட்டார். மறுநாள், "லெஃப்ட் ஐ இஸ் பிக். ரைட் ஐ இஸ் பிக்கர்." அதில் தப்பே இல்லை, அதற்கும் ஒரு சரி. வீங்கிய கண்ணோடு எதிரில் நின்றவளை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நாற்பது நோட்டு திருத்துகிற மகராசிக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்!

புருஷனுக்கு இங்கிலீஷ் தெரியாது. "என்னடி எழுதியிருக்க, படி" என்பான். "பூனை சின்னது, யானை பெரிசு" என்று ஒப்பித்துவிடுவாள். மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் அவன் சந்தேகப்பட்டு நோட்டைப் பட்டறை முதலாளியிடம் கொண்டுபோனான். அவர் படித்துச் சொல்லிவிட்டார்.

அவள் அவன் சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் நோட்டும் மறு கையில் ஸ்பேனருமாக வந்தான்.

"என் மானத்தையா வாங்குற?"

முதல் அடியில் வலது மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்தது தோளில். கீழே விழுந்த நோட்டைக் கிழிக்க அவன் குனிந்தான். அவள் இடது கையால் இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் கையின்மேல் அழுத்தினாள். தோல் பொசுங்கி நாறியது. அவன் அலற அலற, நோட்டை வாயில் கவ்விக்கொண்டு தெருவில் ஓடினாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அவள் பின்னாலேயே அவனும் வந்துசேர்ந்தான். "நான் ஒரு நாளும் அவளத் தொட்டதில்ல சார். திமிரெடுத்துச் சுட்டுட்டா. உள்ள தூக்கிப் போடுங்க."

அவள் நோட்டை மேஜைமேல் வைத்தாள். அவளுக்கு வேறு சாட்சி என்று யார் இருக்கிறார்கள்? இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது. உடனே டீச்சரம்மாவை வரவழைத்தார்.

"இந்தக் கையெழுத்தெல்லாம் உங்களுதுதானா?"

"ஆமா."

"தேதி?"

"அதுவும் நான் போட்டதுதான்."

"அப்ப படிங்க."

அறுபத்து மூன்று பக்கம். டீச்சரம்மா முதல்முறையாகப் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வருவதற்குள் எழுத்து கலங்கித் தெரிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"தினமும் அஞ்சு சொன்னேனே டீச்சர்" என்றாள் அவள்.