ஒன்பதாவது கல்

ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான்.

எட்டுதான் இருக்க வேண்டும். எங்கள் தொலைக்காட்சித் தொடரில், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த சீமாட்டி ஒருத்தி இடிந்த கோட்டையில் குடியிருந்து ரத்தம் குடிக்கிறாள். அவளோடு வந்த எட்டுப் பேர் பல்லாயிரம் வருடங்களாக வெளியே வட்டமாய்க் கல்லாகி நிற்கிறார்கள். எட்டு என்று ஆறு வாரமாகச் சொல்லிவிட்டோம். அந்தக் கற்களை எண்ணுபவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும் என்று கதையில் ஒரு சாபமும் உண்டு. நான் இயற்பியல் படித்தவள். மூன்றாம் முறை எண்ணினேன்.

என் வேலை கன்டினியூட்டி. போன காட்சியில் இடக்கையில் இருந்த மெழுகுவர்த்தி இந்தக் காட்சியில் வலக்கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. தவறு கண்டால் நோட்டில் எழுதி இயக்குநரிடம் நீட்டுவேன். ஒலிப்பதிவாளர் எனக்கு மியூட்டு என்று பேர் வைத்திருந்தார்.

"எறும்பு தும்மினாகூட என் மீட்டர்ல ஊசி அசையுது. நீ பேசினா அசைய மாட்டேங்குதே, மியூட்டு."

அன்று கோட்டையை எரிக்கும் காட்சி. ஒட்டுப்பலகையிலும் தெர்மாகோலிலும் பன்னிரண்டு நாள் கட்டியது. மூன்று கேமராவிலும் நீலக் கண்ணாடி மாட்டி உச்சிவெயிலை இரவாக்கியிருந்தார்கள். இயக்குநர் மைதானத்தின் மறுகோடியில் இருந்தார். நோட்டை நீட்ட முடியாத தூரம்.

"இனிமே ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது. இருக்கிறது ஒரே கோட்டை" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்.

ஒருவேளை அவரே வைக்கச் சொன்ன கல்லாக இருக்கலாம். அப்படியானால் வாயைத் திறந்த குற்றத்துக்கு நாளையிலிருந்து எனக்கு வேலை இருக்காது. இல்லையென்றால் கோட்டை சாம்பலான பிறகு நோட்டை நீட்டி என்ன பயன்? தீப்பந்தம் உயர்ந்தது.

"நிறுத்துங்க."

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"யாரது?" என்று ஒலிபெருக்கி கேட்டது.

"நான்தான் சார். கல்லு ஒண்ணு கூடுதலா இருக்கு."

இயக்குநர் நின்ற இடத்திலிருந்தே விரல் நீட்டி எண்ணினார். "எட்டுதானே இருக்கு?"

"எனக்குப் பத்து வருது" என்றார் ஒலிப்பதிவாளர். கோரைப்பல் மாட்டியிருந்த சீமாட்டி, "ஷாபம் பலிச்சிடுச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

இயக்குநர் நிற்கும் கோணத்தில் ஒரு கல் இன்னொன்றை மறைத்தது. மேலேயிருக்கும் கேமராவில் ஒன்பதும் விழும். எண்ணிக் காட்டிவிடலாம் என்று வட்டத்துக்குள் போய் ஒவ்வொரு கல்லாகத் தொட்டேன். ஐந்தாவது கல் உள்ளங்கையில் ஒட்டியது.

"ஐயய்யோ, தொடாத பாப்பா, இன்னும் காயல" என்று டீ டம்ளரோடு ஓடிவந்தார் பெயிண்டர் அண்ணன். "நாளைக்கு க்ளோசப்புக்கு அடிச்ச கல்லு. தனியா நிறுத்தினா காத்துல சாயுது. அதான் கூட்டத்தோட நிறுத்தினேன். டீ குடிச்சிட்டு எடுத்துடலாம்னு..."

நான் சாம்பல் நிறக் கையை உயர்த்திக் காட்டினேன். இயக்குநர் கையைப் பார்த்தார், கோட்டையைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆறு வாரத்தில் அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

"கல்ல ஓரமாக் கொண்டு போய்யா. நீ எண்ணும்மா, சத்தமா. நீ எட்டுன்னு சொன்னாத்தான் தீ."

கல்லும் தெர்மாகோல்தான்; உள்ளே வெறும் கூடு, பின்பக்கம் திறப்பு. வெளியே தொட்டால் பெயிண்ட் கெட்டுவிடுமென்று பெயிண்டர் அண்ணன் அதற்குள் புகுந்து தூக்கிக்கொண்டு நடந்தார்.

"ஒண்ணு" என்றேன். ஒலிப்பதிவாளர் மீட்டரில் கண் வைத்தபடி, இன்னும் இன்னும் என்று கையை உயர்த்தினார். நாலாவது கல்லில் என் குரல் எனக்கே பிடித்துப்போயிற்று. ஏழு. எட்டு.

கோட்டை பற்றிக்கொண்டது. மைதானத்தின் ஓரத்தில் ஒன்பதாவது கல் நடப்பதை நிறுத்தி மெல்லத் திரும்பியது. அதன் கீழே இரண்டு ரப்பர் செருப்புகள். ஒரு பக்கத்திலிருந்து டீ டம்ளரோடு ஒரு கை மட்டும் நீண்டிருந்தது.