தங்கச்சி வீட்டுத் தூசி

வாப்பா ஷரிபுதீன் மூத்த மகள் அஸ்மியாவுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குச் சீமெந்துத் தரை. எட்டு வருடம் கழித்து அதே வளவில் இளையவள் நப்லாவுக்குக் கட்டிய வீட்டுக்கு மாபிள். அது போதாதென்று நப்லாவின் மாப்பிள்ளை கட்டாரிலிருந்து வரும்போதெல்லாம் எதையாவது கொண்டுவந்து இறக்குவார். மெத்தைச் சோபா, கால் புதையும் கார்ப்பெட், அமத்தினால் பூ வாசம் அடிக்கும் ஸ்ப்ரே, தூசி இழுக்கும் மெசின். சாய்ந்தமருதில் எத்தனையோ வீடுகளில் இதெல்லாம் இருக்கிறது. ஆனால் அஸ்மியாவின் குசினி ஜன்னலைத் திறந்தால் தெரிவது நப்லாவின் வீடு மட்டும்தான்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்து, வீட்டுத் தூசியில் என்னென்ன கெமிக்கல் இருக்கிறதென்று பார்க்கப் போவதாகச் சொன்னாள். வீட்டுக்கொரு இலக்கம் போட்ட பை கொடுத்தாள். அஸ்மியாவின் பைக்கு இலக்கம் பதினேழு.

"ஒரு கிழமைக்குக் கூட்டாம உடுங்க ராத்தா. மறுகா கூட்டி இதுக்குள்ள போடுங்க."

நாலாம் நாள் மதினிமார் வருவதாகக் கோல் எடுத்தார்கள். அவர்களுக்குக் குப்பை வீட்டைக் காட்டுவதா? அஸ்மியா மூலை முடுக்கெல்லாம் கூட்டிக் கழுவிவிட்டாள். பை எடுக்க வரும் நாளில் ஒரு சிட்டிகைத் தூசி இல்லை. அன்றைக்கு நப்லா, வீட்டுத் திறப்பை ராத்தாவிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருந்தாள். அஸ்மியா உள்ளே போய்ச் சோபாவுக்கு அடியில் தும்புத்தடியை விட்டுக் கூட்டினாள். பஞ்சுபோல உருண்டு வந்தது.

"ஆ, மகாராணிர ஊட்டப் பாரு!"

அவளுக்கு அவ்வளவு சந்தோசம். பதினேழாம் பை நிறைந்தது.

இரண்டு மாதத்தில் பல்கலைக்கழகப் பிள்ளை முடிவோடு வந்தாள். நப்லாவின் சோபாவில்தான் மூவரும் இருந்தார்கள்.

"நப்லா ராத்தா, உங்கட பையில தூசி காணாது. ஒண்டும் பாக்க ஏலாமப் போச்சு."

"மெசினால இழுக்கிற ஊட்ட எங்கால தூசி?" என்று நப்லா கழுத்தை நிமிர்த்தினாள்.

"பதினேழுலதான் கூட இரிக்கி. சோபா ஸ்பொன்ஞ், கார்ப்பெட், ஸ்ப்ரே, இதுகள்ல இரிந்து வாற கெமிக்கல். ஆனா அஸ்மியா ராத்தா, உங்கட ஊட்ட மரக்கதிரதானே இரிக்கி?"

"பாவம் ராத்தா," என்றாள் நப்லா. "என்ட மெசின வேணுமெண்டா எடுங்க."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லை அஸ்மியாவால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் களவு வெளிவரும். சொல்லாவிட்டால் தன் வீடுதான் ஊத்தை வீடு. இருந்துவிட்டுப் போகட்டும், வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

நப்லாவின் பத்து மாதப் பிள்ளை அஸ்பாக் கார்ப்பெட்டில் தவழ்ந்து வந்து, நாலு விரலையும் வாய்க்குள் விட்டுச் சூப்பினான்.

"தவழ்ற புள்ளைகளுக்குத்தான் கவனம் வேணும்," என்றாள் பல்கலைக்கழகப் பிள்ளை. "தூசி கையில ஒட்டி வாய்க்குள்ள போகும். நல்லவேள, பதினேழாம் ஊட்ட சின்னப் புள்ள இல்ல."

அஸ்மியா பாய்ந்து அஸ்பாக்கைத் தூக்கினாள்.

"அது என்ட ஊட்டுத் தூசி இல்ல. இந்தச் சோபாக்குக் கீழ கூட்டின."

நப்லா வாயைப் பிளந்தாள். "களவா வந்து கூட்டினீங்களா?"

"திறப்ப நீதானே தந்த."

"அல்லாஹ்வே! என்ட தூசியிலயுமா ராத்தா கண் வெச்சீங்க?"

"ஓம்டி, வெச்சன்," என்றாள் அஸ்மியா.

பல்கலைக்கழகப் பிள்ளை தலையைக் குனிந்து, பேக்கிலிருந்து இரண்டு புதுப் பைகளை எடுத்து வைத்தாள்.

அஸ்மியா அஸ்பாக்கை வெளித் தண்ணீர்ப் பைப்படிக்குக் கொண்டுபோய்ச் சவுக்காரம் போட்டுக் கை கழுவினாள். நப்லா அழுதுகொண்டே கார்ப்பெட்டைச் சுருட்டி முற்றத்துக்கு இழுத்துவந்தாள்.

"அத எங்க கொண்டு போற?"

"எறியப் போறன்!"

வெயிலில் அதன் சிவப்புப் பூக்கள் ஜொலித்தன. அஸ்மியா கேட்கக்கூடாதென்றுதான் நினைத்தாள்.

"எறியிறதெண்டா என்ட மதில் பக்கமா வைகா. எங்கிட ஊட்ட தவழ்ற புள்ள இல்லதானே."