பூண்டு தேய்த்த காந்தக்கல்

மிமூனின் மார்பினுள் இதயத்துக்குத் துணையாக ஒரு சிறு கருவியைப் பொருத்திய மருத்துவர், காந்தம் எதுவும் அதன் அருகே வரலாகாது என்று எச்சரித்தனுப்பினார். அவன் மனைவி இத்தோவின் பார்வை அப்பொழுதே தன் வலது மணிக்கட்டுக்குச் சென்றது. கம்பளத் தறியில் இரும்புச் சீப்பால் இழைகளை அடித்து அடித்து நைந்த மணிக்கட்டு அது. வலியை இழுத்துவிடும் என்று ஊரார் சொன்னதை நம்பி, வெள்ளிதோறும் இரும்புத்தூள் ஊட்டி வளர்த்த காந்தக்கல்லைத் துணியில் முடிந்து அதிலே கட்டியிருந்தாள். அவிழ்த்தால் வலி உயிரை வாங்கும். கட்டியிருந்தாலோ, அவள் கை தன் மார்பின்மீது கிடந்தாலன்றிக் கண்மூடாத கணவனை என் செய்வது?

தங்கள் ஊரான அஸ்ரூவுக்குத் திரும்பியதும் மருந்துச் சரக்குக் கடைக்குப் போனாள்.

"கல்லோட வேகத்தைக் கொஞ்சம் அடக்கணும், பெல்காசம் அண்ணே. எனக்கு வலியும் நிக்கணும், அவருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது."

"பூண்டு தேய்ச்சா கல்லு செத்துப்போகும். செத்த கல்லு வலிக்குக் கேக்குமா, தங்கச்சி?"

"பாதி சாகட்டும். அரைப்பல்லு தேய்ச்சாப் போதாதா?"

"கல்லுக்குக் கணக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது" என்று சிரித்தார் கடைக்காரர்.

அரைப்பல்லைத் தேய்த்துக் கட்டிக்கொண்டாள். இரவுத் தொழுகை முடித்துப் படுத்த மிமூன் மூக்கைச் சுளித்தான்.

"என்ன வாடை இது? என்னை வறுக்கப் போறியா?"

"உங்களை வறுத்தா எலும்புதான் தேறும். சும்மா படுங்க."

கையை நீட்டியவள் பாதியிலே நிறுத்தினாள். அடுப்படிக்குச் சென்று கம்பளம் தைக்கும் ஊசியைக் கல்லருகே கொண்டுபோனாள். ஊசி துள்ளி ஒட்டிக்கொண்டது. மீதிப் பல்லையும் தேய்த்தாள். பிறகு ஒரு முழுப் பூண்டையே நசுக்கிப் பூசினாள். ஒவ்வொரு முறையும் ஊசி முன்போலவே பாய்ந்தது. பூண்டைப் பற்றி ஊரே சொன்னது பொய்யானால், வலியைப் பற்றிச் சொன்னது மட்டும் மெய்யா? அதனை எண்ணிப் பார்க்க அவளுக்கு அச்சமாயிருந்தது. கல்லை அவிழ்த்து, முற்றத்துக்கு அப்பாலிருந்த இரும்புத்தூள் கிண்ணத்தில் புதைத்துவிட்டு வந்தாள்.

அவளுடைய வெறுங்கையை மிமூன் பார்த்தான்.

"கல்லு எங்க?"

"அதுக்குப் பசியாம். சாப்பிடப் போயிருக்கு."

அவன் சிரிக்கவில்லை. "வலிக்குமே, இத்தோ. நான் அடுத்த அறையில படுத்துக்கிறேன்."

"பேசாம இருங்க."

அவள் கையை அவன் மார்பின்மேல் வைத்தாள். தோலுக்கடியிலே கருவியின் விளிம்பு உள்ளங்கையில் உறுத்தியது. மணிக்கட்டில் தொடங்கிய வலி முழங்கைவரை ஏறிற்று. அவன் மூச்சு நீண்டு சீரான பின்னரும் அவள் கையை எடுக்கவில்லை.