நீல மூடிக் குப்பி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. குழித்துறையில் எங்கள் அடுத்த வீட்டுச் சபிதா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னது. பெயரை மாற்றுவதாக வாக்குக் கொடுத்தேன், மாற்றியும் விட்டேன். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதுவதற்கு வேறு உயர்ந்த நோக்கம் ஏதும் கிடையாது.

முதல் தொடக்கம்: ‘காலையிலிருந்தே சபிதாவுக்கு அடிவயிற்றில் சுருக்கென்று…’

பொய். அவளுக்கு வலிக்கவே இல்லை. நீர்க்கடுப்பில்லை, காய்ச்சலில்லை. [கதைக்காரனுக்கு இதைவிடத் தொல்லை உண்டா? எங்காவது வலித்தால்தானே பாத்திரம் எழுந்து நடமாடும்!]

2

சபிதா மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆய்வு செய்கிறாள். சில பெண்களின் சிறுநீரில் கிருமி மண்டிக்கிடக்கும், ஆனால் ஒரு தொந்தரவும் இராது. அந்தக் கிருமிகள் கடிக்கப் பல்லில்லாதவையா, பல்லை வைத்துக்கொண்டே சும்மா இருப்பவையா? இதுதான் அவள் கேள்வி.

மாதிரி கேட்டு மகளிர் குழுவுக்குப் போனாள். குழுத் தலைவி நேசபாய் இலேசில் விடுவாளா?

“எங்களுக்க மூத்திரம் உனக்கு எதுக்கு மக்கா? நோக்காடு இல்லாதவளுக்கு என்ன டெஸ்டு? முதல்ல நீ குடுத்தியா?”

“நானும் தாறேன் அக்கா, பாத்துக்கிடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சிவப்பு மூடிக் குப்பிகளை அவர்களுக்கே கொடுத்துவிட்டதால், பையில் கிடந்த ஒரே நீல மூடிக் குப்பியில் தன்னுடையதைப் பிடித்துப் பெட்டியில் வைத்தாள். அப்போது அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்.

3

இரத்தம் கலந்த தட்டில் கிருமியை வளர்ப்பார்கள். நஞ்சுள்ள கிருமி தன்னைச் சுற்றியுள்ள இரத்தத்தைக் கரைக்கும், அந்த இடம் வெளுத்துப்போகும். ஒரு தட்டு முழுக்கவே வெளுத்திருந்தது. மேற்கொண்டு பார்த்ததில் அதனிடம் எல்லாம் இருந்தது: சதையைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி, சிறுநீரகம் வரை ஏறும் வல்லமை.

“சரியான ராட்சசனாக்கும் மேடம்,” என்றாள் சபிதா, பெரிய சந்தோஷத்தோடு. “இதுக்க ஆளு இந்நேரம் ஆஸ்பத்திரியில கிடப்பா.”

வழிகாட்டி இசபெல் மேடம் தட்டிலிருந்த எண்ணை வைத்து அதற்குரிய குப்பியைத் தேடி எடுத்தார். மூடி நீலம்.

சபிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போதும் எங்கும் வலிக்கவில்லை என்பதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

4

கர்ப்பிணிக்கு இது மேலேறினால் பிள்ளைக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் உடனே மருந்து கொடுத்தார். அடுத்த சோதனையில் கிருமி இல்லை.

[அடிக்குறிப்பு போல ஒன்று: இதைப் படித்துவிட்டு எல்லோரும் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். தொந்தரவில்லாத பெரும்பாலோருக்கு மருந்து வேண்டாம். உள்ளே இருக்கும் சாதுவைக் கொன்றால் சில சமயம் முரடன் வந்து குடியேறுவான்.]

இங்கேயே சுபம் போட்டிருப்பேன். சபிதா மதிலை விட்டு நகரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஆறாம் மாதத்தில் ஒரு பிள்ளை தவறியது. “தெனமும் காலேஜுக்குப் பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கிப் போனா வயித்துல நிக்குமாட்டி?” என்று மாமியார் பகவதியம்மாள் ஊரறியச் சொன்னாள். பஸ்ஸில் போவதால் பிள்ளை தவறாது என்று டாக்டர் சொன்னார். பின்னே ஏன் என்று கேட்டதற்கு அவரிடமும் பதிலில்லை. அப்போது யாரும் கிருமி வளர்த்துப் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது.

5

முடிவு ஒன்று: ராட்சசன் அப்போதும் இருந்தான். பழி பஸ்ஸை விட்டு இறங்கியது. ஆனால் ஊரார் சிறுநீரையெல்லாம் தட்டில் பரப்பியவள் தன்னுடையதை மட்டும் அப்போது பார்க்காமல்…

முடிவு இரண்டு: அப்போது அவன் இல்லை, பிறகுதான் வந்தான். அப்படியானால் மாமியார் சொன்னதுதான்…

இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன். எனக்குக் கை வரவில்லை.

“கதையில நீங்க நெனச்சத எழுதலாம்லா அண்ணா,” என்றாள் சபிதா. “ரெண்டுல ஒண்ண எழுதுங்க. எது எழுதினாலும் நான் நம்பிக்கிடுதேன்.”

சோதிக்காமல் ஒன்றையும் நம்பாத பெண் இப்படிக் கேட்கிறாள். நான் என்ன செய்ய?

இந்தாருங்கள், நீங்களே எழுதுங்கள். எழுதியதை மதிலோரம் போய் அவள் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டியதும் நீங்கள்தான்.